ஆகாயமும் காலமும்



ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழில் நிமித்தம் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஓர் ஐயம் அடிக்கடி எழுகிறது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் முதலிய பகுதிகளிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல, சென்னைக்குக் கணித்த நாட்காட்டியையே இங்கும் சுவரில் மாட்டி வைத்து, அதிற்கண்ட சூரிய அஸ்தமன நேரத்தைக் கொண்டு இரவுண்ணாமை விரதத்தைக் காத்து வருகின்றன. ஆனால் வாயிலில் வந்து நின்று நோக்கினால், நாட்காட்டி மறைந்துவிட்டான் என்று சொல்லும் வேளையில் கதிரவன் மேற்கே ஆனேக்கல் பக்கம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறான். எதைக் கொள்வது? நாட்காட்டியையா, வானத்தையா?

கணக்கு எளியது. பூமி ஒருமுறை சுழல 24 மணி ஆகிறது. 360 பாகைக்கு 24 மணி எனில் ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னைக்கும் ஓசூருக்கும் தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ இரண்டரைப் பாகை. ஆகவே சென்னையில் மறைந்த கதிரவன் ஓசூரில் மறையச் சுமார் பத்து நிமிடம் செல்லும். நவம்பர் நடுவில் ஓசூரில் அஸ்தமனம் மாலை 5.50 அளவில், ஜூலைத் தொடக்கத்தில் 6.50 அளவில். மாலையில் சென்னை நாட்காட்டியைப் பின்பற்றுவோர்க்கு விரதக் குறைவு ஒன்றுமில்லை. பத்து நிமிடம் முன்னதாகவே உண்டு முடித்துவிடுகின்றனர். காலையில்தான் இடர். ஓசூரில் கதிரவன் எழுமுன்னரே நாட்காட்டி எழுந்துவிட்டான் என்கிறது. விரதமுடையோர் அதை நம்பிப் பத்து நிமிடம் முந்திவிடுகின்றனர். இதனை இல்லத்தரசியர் கருத்திற்கொள்ள வேண்டும். விரதம் அவரவர் நிற்கும் இடத்துக் கதிரவனை ஒட்டியது. அஸ்தமனத்திற்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே முடித்துக்கொள்ளும் மரபினர் அந்த 48 நிமிடத்தையும் ஓசூர் அஸ்தமனத்திலிருந்தே கழித்தல் வேண்டும்.

ஒரு செய்தி. இந்நாட்டில் எல்லா ஊர்க்கும் ஒரே நேரம் என்னும் ஏற்பாடு 1906 ஜனவரி முதல் நாள் தொடங்கியது. அதற்குமுன் இரயில்கள் சென்னை வானாய்வுக் கூடத்தின் மதராஸ் நேரத்தைப் பின்பற்றின. ஊர்கள் தத்தம் உச்சிவேளையைப் பின்பற்றின. இன்று நம் கடிகாரங்கள் யாவும் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரிய நேரத்தைக் காட்டுகின்றன. ஓசூரில் கதிரவன் உச்சியில் நிற்கும்போது கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 19 நிமிடம் ஆகியிருக்கும். கடிகார நேரம் என்பது மக்கள் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. நம் ஆசாரியர்கள் இதனை வியவகார காலம் என்றனர். கதிரவனும் திங்களும் இயங்குதலால் நாள், பக்கம், திங்கள், ஆண்டு எனக் கணக்கிடப்படுவது அது. அவை அவ்வாறு இயங்குவது மானிடர் வாழும் இரண்டரைத் தீவிற்குள்ளேதான். அதற்கு அப்பால் பகலிரவுக் கணக்கு இல்லை. எனினும் அங்கும் பொருள்கள் மாறுகின்றன. ஆதலின் அங்கும் காலம் உண்டு. அதனை நிச்சய காலம் என்பர்.

இவ்வளவில் நிறுத்திவிடலாம். ஆனால் பொறியியல் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேச்சு இத்துடன் நிற்பதில்லை. 'ஐன்ஸ்டைன் இடத்தையும் காலத்தையும் ஒன்றென்று காட்டிவிட்டாரே. ஆகாயம் வேறு, காலம் வேறு என ஆறு திரவியங்களை எண்ணுவானேன்?' என்று வினவுகின்றனர். இவர்களுக்கு விடை சொல்லப் புகுந்த மேடைப் பேச்சாளர் சிலரோ, ஐன்ஸ்டைன் சொன்னதெல்லாம் நம் ஆகமத்தில் முன்பே உள்ளது என்று முழங்கிவிடுகின்றனர். இரண்டையும் சற்று நின்று ஆராய்வோம். பின்னதே நமக்கு மிகுந்த கவலை தருகிறது. பிள்ளைகள் ஒருநாள் நூலைத் திறந்து பார்ப்பார்கள்.

முதலில் இயற்பியலார் கூறுவதைக் கேட்போம். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் பெருநூலில், இடமும் காலமும் பொருள்களைச் சாராமல் தாமே நிலைபெற்றவை என்று கொண்டார். பொருள்கள் யாவும் அழிந்தாலும் இடம் விரிந்து கிடக்கும்; நிகழ்ச்சி ஒன்றும் இல்லாவிடினும் காலம் சீராக ஓடும். லைப்னிட்சு இதனை மறுத்தார். ஒருங்கே இருக்கும் பொருள்களின் ஒழுங்கே இடம். ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்வனவற்றின் ஒழுங்கே காலம். இவற்றிற்கு வேறு இருப்பு இல்லை என்றார். 1715, 1716 ஆம் ஆண்டுகளில் நியூட்டன் தரப்பில் கிளார்க் என்பாரும் லைப்னிட்சும் கடிதங்கள் வாயிலாக வாதிட்டனர். லைப்னிட்சு மறைந்ததால் வாதம் நின்றது, முடிந்ததாகக் கூறவியலாது.

நம் சமயத்துள்ளும் இத்தகைய வேறுபாடு உண்டென்பதைப் பலர் அறியார். திகம்பர ஆசாரியர்கள் காலத்தைத் தனித்திரவியமாகவே கொள்வர். சுவேதாம்பரருள் ஒரு சாரார், உயிர், உயிரல்லன ஆகியவற்றின் மாற்றமே காலம். அது தனிப்பொருளன்று என்பர். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்தில் காலம் பற்றிய சூத்திரத்தையே இரு மரபினரும் வெவ்வேறு பாடமாக ஓதுகின்றனர். இது நூற்றாண்டுகளாய் இருந்து வரும் நேர்மையான கருத்து வேற்றுமை.

இனி ஐன்ஸ்டைன். 1905-இல் அவர் வெளியிட்ட சார்பியல் கொள்கையின்படி, ஒருவர்க்கு ஒரே வேளையில் நிகழ்ந்ததாகத் தோன்றும் இரு நிகழ்ச்சிகள், விரைந்து செல்லும் மற்றொருவர்க்கு முன்பின்னாகத் தோன்றலாம். எல்லார்க்கும் பொதுவான 'இப்பொழுது' என ஒன்று இல்லை. 1908 செப்டம்பரில், அவருக்குக் கணிதம் கற்பித்த மின்கோவ்ஸ்கி, ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆற்றிய உரையில், நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றுடன் காலத்தையும் நான்காவதாகச் சேர்த்து ஒரே வெளியாகக் காண வேண்டும் என்று விளக்கினார். சில திங்களில் அவர் மறைந்தார். கருத்து நிலைத்துவிட்டது.

1915-இல் ஐன்ஸ்டைன் மேலும் ஒரு படி சென்றார். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது அதன் விளைவு. இதனை நம் வட்டாரத்தை வைத்தே காணலாம். ஓசூர் மேட்டுநிலம், கிருஷ்ணகிரி அதனினும் ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்ந்தது. இரண்டு ஊரிலும் ஒரே வகையான நுட்பமான அணுக்கடிகாரத்தை வைத்தால், ஓராண்டு கழியும்போது ஓசூர்க் கடிகாரம் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதியாக ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் இறங்கி வரும் பேருந்தில் எவரும் இதனை உணரமாட்டார். உணராமையால் அது பொய்யாகிவிடாது. 1960-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் 22½ மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலேயே இவ்விளைவை அளந்தனர். 2010-இல் ஒரு கடிகாரத்தை ஓரடி உயர்த்தியே வேறுபாட்டைக் கண்டனர்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி கடந்து பெங்களூர்ப் பக்கம் நாள்தோறும் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் கைப்பேசி வழிகாட்டுவதும் இக்கணக்கைக் கொண்டே. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரம், விரைவினால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்குகிறது; ஈர்ப்புக் குறைவினால் 45 மைக்ரோ நொடி முந்துகிறது. மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடக்கணக்கு பதினொரு கிலோமீட்டர் அளவுக்குப் பிசகிவிடும். காலத்திற் செய்த சிறு பிழை இடத்திற் பெரும் பிழையாகிறது. ஆகவே பிள்ளைகள் சொல்வதில் உண்மை உண்டு. இடத்தையும் காலத்தையும் அளக்கும் அளவைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

அளவைகள் பின்னிக் கிடப்பதால் அளக்கப்படும் பொருள்கள் ஒன்றாகிவிடுமா என்பதே வினா.

நம் ஆகமங்களில் இடத்தின் மிகச்சிறு அளவு பிரதேசம். பிரிக்க இயலாத ஒரு பரமாணு அடைந்திருக்கும் இடம் அது. காலத்தின் மிகச்சிறு அளவு சமயம். ஒரு பரமாணு மெல்ல நகர்ந்து ஒரு பிரதேசத்திலிருந்து அடுத்த பிரதேசத்தை எய்தும் பொழுது அது. நிற்கும் அணுவால் இடத்தையும், நகரும் அணுவால் காலத்தையும் அளந்தனர். 1983 முதல் உலக அளவை நிறுவனத்தார் மீட்டரை வரையறுக்கும் முறை இதன் மறுதலை. ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே ஒரு மீட்டர். இங்கே காலத்தைக் கொண்டு இடம் அளக்கப்படுகிறது. அங்கே இடத்தைக் கொண்டு காலம் அளக்கப்பட்டது. இரு நெறியிலும் இடையில் நிற்பது இயக்கம். காலத்தை நேரே கண்டவர் ஒருவரும் இலர். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தால் ஓசூர் கைக்கடிகாரத்திற்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. அத்தகைய குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கி வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். கடிகாரம் எண்ணுவது படிகத்தின் அதிர்வை. அந்த அதிர்வு நிகழத் துணைநிற்பது எதுவோ, அதுவே ஆசாரியர்கள் சொன்ன காலம்.

இப்பொழுது வேறுபாட்டிற்கு வருவோம். மின்கோவ்ஸ்கியின் கணக்கிலேயே அது மறைந்து கிடக்கிறது. ஓர் அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தொலைவைக் காண, நீளம், அகலம், உயரம் மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் காண்கிறோம். எட்டாம் வகுப்பு மாணவி செய்வாள். நான்காவதாகக் காலத்தைச் சேர்க்கும்போது அதன் வர்க்கத்தைக் கூட்டுவதில்லை, கழிக்கின்றனர். மூன்றிற்குக் கூட்டற்குறி, ஒன்றிற்குக் கழித்தற்குறி. காலமும் இடமும் முற்றிலும் ஒன்றே எனின் நான்கிற்கும் ஒரே குறி இருந்திருக்கும். ஒன்றாக்கியவர்களே இந்தக் குறியை நீக்க முடியவில்லை. நீக்கினால் உலகின் நடப்பிற்கும் கணக்கிற்கும் பொருத்தம் இராது.

அச்சிறு கோட்டின் விளைவு பெரிது. இடத்தில் முன், பின், வலம், இடம், மேல், கீழ் என எத்திசையிலும் சென்று மீளலாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சென்றவர் மாலையில் ஓசூருக்குத் திரும்பலாம். காலையிலிருந்த ஓசூருக்குத் திரும்ப இயலாது. அண்மை, சேய்மை என்பன நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். பெங்களூர் ஓசூரார்க்கு அண்மை, கிருஷ்ணகிரியார்க்குச் சேய்மை. மூத்தது, இளையது என்பது அவ்வாறன்று. தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகளின் முன்பின் வெவ்வேறு நோக்கர்க்கு வெவ்வேறாகலாம் என்று சார்பியல் கூறும். ஆனால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாயிருந்தால் அவற்றின் முறை எந்நோக்கர்க்கும் மாறாது. எவ்வளவு விரைந்து செல்பவரும் தாய்க்கு முன் மகள் பிறந்ததாகக் காணமாட்டார். காலத்தின் அடையாளங்களாக உமாசுவாமிகள் எண்ணியவற்றுள் வர்த்தனை, பரிணாமம், செயல் என்பவற்றோடு மூப்பும் இளமையும் ஆகிய முன்பின்மையும் ஒன்று என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கிருஷ்ணகிரி மாங்காய்க்குப் பெயர்போன மாவட்டம். காய் பழுக்கிறது, பழுத்தது மீண்டும் காயாவதில்லை. அணுக்களின் நிலையில் இயங்கும் விதிகள் பெரும்பாலானவை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒருபடித்தாகவே பொருந்துகின்றன. ஆயினும் கூட்டமாய் நோக்கும்போது ஒழுங்கு சிதைவது ஒரு திசையிலேயே நிகழ்கிறது. எடிங்டன் 1928-இல் வெளியிட்ட நூலில் இதனைக் காலத்தின் அம்பு என்றார். இடத்திற்கு இத்தகைய அம்பு இல்லை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த முறையில், வரைபடத்தாளில் காலத்தையும் ஒரு கோடாக வரைந்து, தொலைவை அதற்குக் குத்தாக வரைந்து காட்டுவோம். பயனுள்ள முறை, மாணாக்கர்க்கு விரைவில் விளங்கும். எனினும் கோடு என்பது இடத்தின் உருவம். கோட்டின் எல்லாப் புள்ளியும் ஒருங்கே தாளில் இருக்கின்றன. காலத்தின் எல்லாக் கணமும் ஒருங்கே இருப்பதாக நாம் உணர்வதில்லை. 1922 ஏப்ரலில் பாரிசில் ஐன்ஸ்டைனும் பெர்க்சன் என்னும் பிரெஞ்சு மெய்ப்பொருளறிஞரும் எதிரெதிர் நின்று வாதிட்டதும் ஏறத்தாழ இதைப் பற்றியே. காலத்தை இடமாக்கி அளப்பதில் காலத்தின் உயிர்ப்பு நழுவிவிடுகிறது என்பது பெர்க்சன் கருத்து. அவர் சார்பியலின் கணக்கைச் சரிவரக் கொள்ளவில்லை என்று இயற்பியலார் கூறுவர், அது மெய்யே. ஆனால் அவர் எழுப்பிய வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

நம் தமிழிலக்கணம் இவ்வேறுபாட்டை ஓசையின்றிக் காத்து வருகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனச் சேர்த்தே கூறும். கங்கர் மரபினனாகிய சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்தளித்த நம் பவணந்தி முனிவர், வினைச்சொல் காலம் காட்டும் என்றார். 'வந்தாள்' என்றால் இறந்தகாலம் தெரிகிறது. எந்த ஊருக்கு வந்தாள் என்பது தெரிவதில்லை. அதனைத் தனிச்சொல்லால் சொல்ல வேண்டும். (இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கையையும் குறிக்கும்; அது வேறு.) செயல் என்று ஒன்று நிகழ்ந்தால் காலம் அதனுள்ளேயே இருக்கிறது. திருக்குறளிலும் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்த அதிகாரங்கள், ஒரே அதிகாரமல்ல.

ஆகமத்திற்கு மீள்வோம். உயிர், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம் என்பன ஆறு திரவியங்கள். (இங்குத் தர்மம், அதர்மம் என்பன புண்ணிய பாவங்களல்ல, இயக்கத்திற்கும் நிலைக்கும் துணையாவன.) இவற்றுள் முதல் ஐந்தும் அஸ்திகாயம், அதாவது பல பிரதேசம் பரந்த உடலுடையன. காலம் மட்டும் அஸ்திகாயம் அன்று. குந்தகுந்த ஆசாரியர் ஐந்தையே தலைப்பாகக் கொண்டு பஞ்சாஸ்திகாயம் அருளினார். அதனை 1920-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தவர் நம் தமிழ்ச் சமணர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் என்பது நமக்குப் பெருமை.

காலம் ஏன் உடலற்றது? ஆகாயம் ஒன்று, எல்லையற்றது, எல்லாப் பொருளுக்கும் இடந்தருவது, தன் பிரதேசங்கள் பிரியாது ஒன்றியிருப்பது. காலமோ காலாணுக்களாக உள்ளது. உலகாகாயத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒவ்வொரு காலாணு, இரத்தினக் குவியலில் மணிகள் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது என்று திரவிய சங்கிரகம் உவமை கூறும். புத்கல அணுக்கள் கூடிக் கந்தமாகும். காலாணுக்கள் ஒருபொழுதும் கூடமாட்டா. ஒரு கணத்தையும் மறு கணத்தையும் பக்கத்தில் வைத்து ஒட்டி ஒரு பெரும்பொருளாக்க இயலாது. மேலே கண்ட கழித்தற்குறியின் மெய்ப்பொருளை ஆசாரியர்கள் வேறு வழியில் நின்று நோக்கியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு தடை எழும். உலகிற்கு அப்பாற்பட்ட அலோகாகாயத்தில் காலாணு இல்லையே. அங்கு ஆகாயத்தின் பரிணாமம் எவ்வாறு நிகழும்? உரையாசிரியர்கள் விடை தந்தனர். ஆகாயம் பிளவுபடாத ஒரே பொருள். குயவன் சக்கரத்தின் ஓரிடத்தில் கோல் பட்டாலும் சக்கரம் முழுவதும் சுழலும். தம் கொள்கையின் மெலிவான இடத்தைத் தாமே கண்டு, தாமே தடை எழுப்பி, விடையும் தேடிய அவர்தம் நேர்மையை மேடைப் பேச்சாளர்கள் கற்க வேண்டும்.

ஏனெனில் ஒவ்வாத இடங்களும் உள்ளன. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு காலாணு என்பதைக் கேட்டவுடன், 'ஓசூருக்கு ஒரு காலம், கிருஷ்ணகிரிக்கு ஒரு காலம் என்னும் சார்பியலே இது' என்று சொல்லத் தோன்றும். சொல்லலாகாது. ஆகமக் கணக்கில் சமயம் உலகெங்கும் ஒரே அளவினது. சார்பியலில் பொதுக்கணம் இல்லை. விரைந்து செல்லும் பரமாணு ஒரே சமயத்தில் உலகின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை எய்தும் என்பது ஆகமம். ஒளியினும் விரைந்த செலவு இல்லை என்பது இயற்பியல். இரண்டும் ஒன்றல்ல. ஒப்புமை கண்டு மகிழலாம், ஒப்புமை சான்றாகாது. இயற்பியல் நாளை மாறினால், அதன்மேல் கட்டிய நம் பெருமையும் உடன் சரியும்.

இனி, பிள்ளைகள் எழுப்பும் வினாக்களுள் மிகக் கடியது ஒன்று. நாற்பரிமாண வெளியில் சென்றதும் வருவதும் யாவும் முன்னரே விரிந்து கிடக்கின்றன என்று இயற்பியலாருள் ஒரு சாரார் கருதுவர். ஐன்ஸ்டைனே 1955-இல் தம் நண்பர் பெசோ மறைந்தபோது அக்குடும்பத்தார்க்கு எழுதிய ஆறுதல் மடலில், இறப்பு நிகழ்வு எதிர்வு என்னும் பாகுபாடு விடாப்பிடியான ஒரு மயக்கமே என்னும் கருத்துப்பட எழுதினார். அடுத்த மாதம் அவரும் மறைந்தார். எல்லாம் முன்னரே உள்ளது எனின் விரதம் எதற்கு? வினை எதற்கு? முயற்சி எதற்கு?

இவ்வினா நம் சமயத்திற்குப் புதிதன்று. கேவல ஞானம் எய்தியவர் எல்லாப் பொருள்களின் முக்காலப் பரியாயங்களையும் ஒருங்கே அறிகிறார் என்பது நம் கொள்கை. அங்ஙனமாயின் நாளை நான் செய்யப்போவதும் அவர் ஞானத்தில் உள்ளது. பிறகு என் செயல் என்னுடையதா? கடந்த நூற்றாண்டில் குஜராத்தின் சோன்கட்டில் வாழ்ந்த கான்ஜி சுவாமி (1890–1980), பரியாயங்கள் யாவும் முறைப்படி அமைந்தவை என்னும் கிரமபத்தக் கருத்தை வற்புறுத்தியபோது, திகம்பர அறிஞரிடையே இது குறித்துப் பெரும் வாதம் நடந்தது. அவ்வாதத்தின் எல்லாக் கிளைகளுக்கும் இக்கட்டுரையில் இடமில்லை. நாம் கொள்வது இது: அறிதல் வேறு, ஆக்குதல் வேறு. கிரகணம் எந்நாளில் எத்தனை மணிக்கு என்று பஞ்சாங்கம் காட்டுகிறது. பஞ்சாங்கம் கிரகணத்தை உண்டாக்குவதில்லை. கேவலி அறிவது உயிர் தன் முயற்சியால் செய்வதைத்தான். முயற்சியை நீக்கிவிட்டு விளைவை மட்டும் அவர் காண்பதாகச் சொல்வது அவர் ஞானத்தைக் குறைத்துச் சொல்வதாகும்.

காலமும் எதையும் செய்விப்பதில்லை. குயவன் சக்கரத்தின் அடியில் இருக்கும் கல், சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, சுழலத் துணையாகிறது. தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. பேரிங் தண்டைச் சுழற்றுவதில்லை; சுழற்றுவது மோட்டார். பேரிங் இல்லாவிடில் தண்டு சுழலவும் மாட்டாது. காலம் பேரிங் போன்றது. 'எல்லாம் காலம் செய்யும்' என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. அது உலக வழக்கு; ஆகமத்திற்கு உடன்பாடன்று.

இடத்திற்கும் காலத்திற்கும் உள்ள வேறுபாடு நூலில் மட்டுமன்றி விரதங்களிலும் பதிந்துள்ளது. அருங்கலச்செப்பு ஓதிய வீட்டினர் அறிவர். திசைவிரதம் என்பது பத்துத் திசைகளிலும் இவ்வளவே செல்வேன் என்று ஆறு, மலை, காடு, ஊர் முதலியவற்றை எல்லையாக வைத்துக்கொள்வது. வாழ்நாள் முழுமைக்கும் உரியது. தேசவிரதம் என்பது அவ்வெல்லையை மேலும் சுருக்கி, ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள் எனக் காலவரையறையோடு கொள்வது. எல்லை வகுக்கும்போது இடத்திற்குப் பத்துத் திசைகளிலும் வகுக்கிறோம். காலத்திற்கு 'இன்று முதல் இந்நாள் வரை' என்று ஒரே திசையில்தான் வகுக்க இயலும். நேற்றைக்கு விரதம் கொண்டவர் எவரும் இலர். நேற்றைக்கு உரியது பிரதிக்கிரமணம், இன்றைக்கு ஆலோசனை, நாளைக்குப் பிரத்தியாக்கியானம். பிரதிக்கிரமணம் என்னும் சொல்லுக்கே மீண்டு வருதல் என்று பொருள். மீள்வது சென்ற பொழுதிற்கன்று. அப்பொழுதில் செய்த குற்றத்திலிருந்து தன்னியல்பிற்கு. ஒவ்வொன்றும் ஒரு காலத்திற்கென அமைந்தது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

மாநில எல்லையைக் கடந்து நாள்தோறும் பணிக்குச் செல்வோரும், இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புவோரும், தேசவிரதம் தமக்கு ஆகாது என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். வார விடுமுறை நாளில் காலை உதயம் முதல் மாலை அஸ்தமனம் வரை ஊரெல்லையைக் கடவேன் என்று கொள்ளலாம். இயலாதவர் சாமாயிகத்திற்குரிய 48 நிமிடத்திற்கு வீட்டு வாயிலையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். உதயமும் அஸ்தமனமும் ஓசூருக்குரியனவாக இருக்கட்டும்.